கண் ரிப்போர்ட்டும் யூரின் ரிப்போர்ட்டும் இதயத்துக்கும் சேர்த்துத்தான்

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு சின்ன லேபில் நான் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, யூரின் டப்பாவில் பெயர் ஒட்டி வைப்பது, மாலையில் ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பது எல்லாம் என் வேலை. வருகிறவர்களில் நிறையப் பேர் பட்டுத் தறிக்காரர்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறவர்கள். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிற எஸ்டேட் ஆட்களும் உண்டு. நானும் மலையில் பிறந்தவள்தான். அப்பா காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தார்.

சர்க்கரை, பிரஷர் இரண்டில் ஒன்றாவது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெஞ்சைப் பற்றிப் பயம் வந்தால் நம் ஆட்கள் முதலில் கேட்பது ஈசிஜி. அது அந்த நிமிடத்தில் இதயம் எப்படித் துடிக்கிறது என்று சொல்லும். இன்னும் சில வருடங்களில் உங்களுக்கு என்ன ஆகலாம் என்று சொல்வதில் அது அவ்வளவு கெட்டி இல்லை. அதைச் சொல்லக்கூடிய இரண்டு சோதனைகள் வேறு உண்டு. ஒன்று விழித்திரையைப் பார்ப்பது, மற்றது சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தை அளப்பது. பலர் இவற்றைச் செய்துகொள்வதே இல்லை. செய்தாலும் கண் ரிப்போர்ட் கண் ஆஸ்பத்திரி ஃபைலிலும் யூரின் ரிப்போர்ட் சர்க்கரை டாக்டர் ஃபைலிலும் தங்கிவிடுகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர் கண்ணில் இரண்டும் ஒன்றாகப் படுவதில்லை. அந்த இரண்டு தாளையும் எப்படிச் சரியாக வாங்குவது, எப்படிப் படிப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கண்ணுக்கும் கிட்னிக்கும் இதயத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உட்பக்கம் ஒரு மெல்லிய செல் படலம் இருக்கிறது. அதிக சர்க்கரையும் அழுத்தமும் புகையும் வருடக்கணக்கில் அந்தப் படலத்தைத்தான் கெடுக்கின்றன. அந்தக் கேடு பெரிய குழாயில் அடைப்பாக முற்றும் முன்பே, முடியைவிட மெல்லிய குழாய்களில் தெரிந்துவிடும். அறுக்காமல் குத்தாமல் ரத்தக் குழாயை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் உடம்பில் விழித்திரைதான். கிட்னி ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் நுண்குழாய்களின் ஒரு முடிச்சு. படலம் கெட்டால் அங்கே அல்புமின் கசியும். 1989ல் டென்மார்க்கின் ஸ்டெனோ நீரிழிவு மையத்து ஆராய்ச்சியாளர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள்: அல்புமின் கசிவு கிட்னியோடு நிற்கிற பிரச்சினை அல்ல, உடம்பு முழுக்கக் குழாய்கள் கெட்டிருப்பதன் அடையாளம் என்று. இதயத் தசைக்குள்ளும் இதே மாதிரி நுண்குழாய்கள்தான். ஆஞ்சியோகிராமில் பெரிய குழாய்கள் நன்றாகத் தெரியும். இந்தச் சின்னவை தெரியாது. "பிளாக் இல்லை" என்று ரிப்போர்ட் வந்த பிறகும் சிலருக்கு நடந்தால் நெஞ்சு பிடிப்பது அதனால்தான்.

இது வெறும் யூகம் இல்லை. பிரிட்டனில் டைப் 2 சர்க்கரை உள்ள 49,027 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016ல் வெளியானது. கண், கிட்னி, கால் நரம்பு இந்த மூன்றில் எந்த ஒன்று பாதிக்கப்பட்டிருந்தாலும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடியது. மூன்றும் இருந்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

யூரின்: 'நில்' என்ற வார்த்தையை நம்பி நிற்காதீர்கள்

லேபில் எனக்கு அதிக ஆதங்கம் தருகிற விஷயம் இது. "யூரின்ல உப்பு ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்காங்க கண்ணு, கிட்னி நல்லா இருக்கு" என்று சந்தோஷமாகக் கிளம்புகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உப்பு என்று அவர்கள் சொல்வது அல்புமினைத்தான். அவர்கள் கையில் இருப்பது சாதாரண யூரின் டெஸ்ட். அதில் அல்புமினைப் பார்ப்பது ஒரு நிறப்பட்டை. லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரை அல்புமின் போனால்தான் அந்தப் பட்டை நிறம் மாறத் தொடங்கும். நாம் தேடுகிற ஆரம்பக் கசிவு அதற்கும் கீழே இருக்கும். அது பட்டையில் 'நில்', அதாவது ஒன்றும் இல்லை, என்றுதான் வரும்.

நீங்கள் கேட்க வேண்டியது 'யூரின் அல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ'. சுருக்கமாக ஏசிஆர் என்பார்கள். சில லேபில் 'மைக்ரோஅல்புமின்' என்று மட்டும் கேட்டால் அல்புமின் அளவை மட்டும் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் அந்த எண் குறையும், குடிக்காவிட்டால் கூடும். கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளோடு ஒப்பிட்ட ரேஷியோ இருந்தால்தான் அந்தக் குழப்பம் தீரும். சீட்டிலேயே 'ரேஷியோ' என்று எழுதி வாங்குங்கள். 24 மணி நேர யூரினைக் கேனில் சேர்க்கத் தேவையில்லை, ஒரு டப்பா போதும்.

காலையில் எழுந்ததும் முதல் யூரின் நல்லது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். லேபில் கொடுக்கிற டப்பாவிலேயே பிடியுங்கள். வீட்டு ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவர வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிடுவது நல்லது.

எப்போது கொடுக்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். காய்ச்சல், யூரின் எரிச்சல், மாதவிலக்கு, சர்க்கரை 300, 400 என்று ஏறிக் கிடக்கும் நாட்கள், பிரஷர் மிக அதிகமாக இருக்கும் சமயம் — இவை எல்லாமே எண்ணைப் பொய்யாக ஏற்றும். கடும் உடல் உழைப்பும் அப்படித்தான், 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏறி இறங்கிவிட்டு மறுநாள் காலையில் டப்பாவோடு வருகிறவர்களைப் பார்த்தால், "இன்னைக்கு வேண்டாங்க, நாலு நாள் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அறுவடை சமயத்தில் நாள் முழுக்கக் காபிக் கூடையோடு சரிவில் நிற்கிற பெண்களுக்கும் வாரத்தில் ஒரு ஓய்வு நாளுக்கு மறுநாள்தான் சரி.

ரிப்போர்ட்டில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று இருக்கும். ஒரு மில்லிகிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று போட்டிருந்தாலும் அதே எண்தான், பயப்பட வேண்டாம். 30க்குக் கீழ் சரி. 30 முதல் 300 வரை கசிவு. 300க்கு மேல் அதிகக் கசிவு. ஆனால் ஒரே ஒரு முறை 45 வந்துவிட்டது என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, அதில் இரண்டு தடவை கூடுதலாக இருந்தால்தான் உண்மை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இதய ஆபத்து 30 என்ற கோட்டில் திடீரென்று தொடங்குவதில்லை. கோட்டுக்குக் கீழேயும் எண் கூடக் கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போன வருடம் 8 இருந்தது இந்த வருடம் 26 என்றால், 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும் டாக்டரிடம் அந்த ஏற்றத்தைக் காட்டுங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியக் கூடாது என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கூடவே ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். அந்த எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள். கிரியேட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். 30 வயது ஆணுக்கு அதிலிருந்து கணக்கிட்டால் கிட்னி வடிகட்டும் வேகம், அதாவது ஈஜிஎஃப்ஆர், சுமார் 93 வரும். 65 வயது அம்மாவுக்கு அதே 1.1 என்றால் சுமார் 56தான். லேப் தாளில் இரண்டுமே நார்மல் வரம்புக்குள் அச்சாகியிருக்கலாம். 60க்குக் கீழ் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட கிட்னி நோய். ஆகவே ஈஜிஎஃப்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வயதும் ஆணா பெண்ணா என்பதும் லேபில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கணக்கே தப்பிவிடும்.

கண்: நன்றாகத் தெரிகிறது என்பது பதில் ஆகாது

என் சித்தப்பா பட்டுத்தறி நெய்கிறவர். சர்க்கரை வந்து பல வருடம். இழை சரியாகத் தெரியவில்லை என்றால் கண்ணாடிக் கடையில் போய் பவர் மாற்றிக்கொள்வார், தெரிந்துவிடும், அதோடு விட்டுவிடுவார். கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டர் பார்ப்பது பவரை மட்டும். அது விழித்திரையைப் பார்ப்பதில்லை. சித்தப்பாவை வற்புறுத்தி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது அவர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்தார். ஆனாலும் இரண்டு கண்ணிலும் விழித்திரையில் ரத்தப் புள்ளிகள் இருந்தன. பார்வை கூர்மையாக இருக்கும்போதே பாதிப்பு இருக்கலாம். மையப்பகுதி தொடப்படும் வரை ஆளுக்குத் தெரியாது. 2005ல் வெளியான சென்னையின் க்யூர்ஸ் கண் ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது.

டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனேயே முதல் பரிசோதனை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை. டைப் 1 என்றால் ஐந்து வருடத்துக்குள் தொடங்க வேண்டும். சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்திலேயே பார்க்க வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் இங்கே கிளை இருக்கிறது. எங்கே போனாலும் "சர்க்கரைக்காக விழித்திரை பார்க்கணும்" என்று சொல்லிப் பதியுங்கள். "கண் மங்கலா இருக்கு" என்று மட்டும் சொன்னால் கண்ணாடிச் சீட்டோடு முடிந்துவிடக்கூடும்.

கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவார்கள். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கும்? சர்க்கரைப் பாதிப்பு என்றால் 'என்பிடிஆர்' (புதுக் குழாய் இன்னும் முளைக்காத நிலை) என்று போட்டு மைல்ட், மாடரேட், சிவியர் என்று தரம் இருக்கும். குழாய்ச் சுவர் சின்னச் சின்னதாகப் புடைப்பது முதல் படி. ரத்தப் புள்ளி, மஞ்சள் கொழுப்புப் படிவு, பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டு எல்லாம் அடுத்தடுத்து வருபவை. 'பிடிஆர்' என்றால் புதிதாகப் பலவீனமான குழாய்கள் முளைக்கின்றன, அதற்கு உடனே சிகிச்சை வேண்டும். பிரஷரால் வருவது வேறு மாதிரி: தமனிகள் ஒடுங்கும், தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் சிரை நசுங்கும். இந்த மாற்றங்களை 1939லேயே கீத், வேகனர், பார்க்கர் என்ற மூன்று டாக்டர்கள் நான்கு தரமாகப் பிரித்து, தரம் கூடக் கூட ஆயுள் குறைவதைக் காட்டினார்கள். 2002ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், விழித்திரைத் தமனி ஒடுங்கியிருந்த பெண்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. பெண்களின் நெஞ்சுவலியை வாயு என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

விழித்திரைப் படத்தை வைத்துக் கம்ப்யூட்டரே வயது, பிரஷர், புகைப்பழக்கம் எல்லாம் கணிக்கும் என்று 2018ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் யாராவது கண் படம் எடுத்து இதய மார்க் போட்டுக் கொடுத்தால், அதற்காக ரத்தச் சோதனையையும் பிரஷர் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மலையிலிருந்து வருகிறவர்கள் ஒரே நாளில் முடிக்க

ஒரு நாள் கூலி போகிறது என்பதால்தான் பலர் வருவதில்லை. ஏசிஆர், கிரியேட்டினின், மூன்று மாதச் சராசரி சர்க்கரை இவற்றுக்குப் பட்டினி தேவையே இல்லை. கொலஸ்ட்ராலையும் பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டே பார்க்கலாம். ஆகவே இட்லி சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி மயங்கி விழ வேண்டாம். டப்பாவை முன்பே வாங்கி வைத்திருந்தால், காலை யூரினோடு முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிடலாம். ரத்தம் கொடுத்துவிட்டு நேராகக் கண் ஆஸ்பத்திரி. பைக்கில் வருகிறவர்கள் ஓட்ட இன்னொருவரைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்; பாப்பா விரிந்த கண்ணோடு அந்த மலைப்பாதையில் எதிரே வரும் லாரி விளக்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை தருகிறார்கள். பெரிய உதவி. மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டதே என்று வருடாந்திரச் சோதனையை மறந்துவிடக் கூடாது.

இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு, வலது கண் என்ன தரம், இடது கண் என்ன தரம், ஏசிஆர், ஈஜிஎஃப்ஆர், பிரஷர், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), மூன்று மாதச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, புகை உண்டா, அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் அட்டாக் வந்ததா என்று எழுதுங்கள். அசல் ரிப்போர்ட்டுகள் பின்னால். ஃபைலைப் புரட்ட நேரம் இல்லாத டாக்டர்கூட ஒரு பக்கத்தைப் படிப்பார்.

இது ஏன் முடிவை மாற்றும் என்றால், ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2023 வழிகாட்டியில் சர்க்கரை உள்ளவர்களை 'மிக அதிக ஆபத்து' என்று சேர்க்க இந்த எண்களே போதும்: ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழ், அல்லது 45 முதல் 59க்குள் இருந்து கூடவே அல்புமின் கசிவு, அல்லது ஏசிஆர் 300க்கு மேல், அல்லது கண், கிட்னி, நரம்பு என்று மூன்று இடத்திலும் நுண்குழாய்ப் பாதிப்பு. அட்டாக் ஒன்றும் வந்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு எல்டிஎல் 55க்குக் கீழ் வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. நெட்டில் கிடைக்கிற இதய ஆபத்துக் கணக்குகளில் கண் பாதிப்பைக் கேட்பதே அபூர்வம். அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: எனக்கு ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா, எல்டிஎல் எவ்வளவுக்கு இறக்க வேண்டும்? அல்புமின் கசிவதால் ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டான் மாதிரி பிரஷர் மருந்து பொருந்துமா? டாபாகுளிஃப்ளோசின் மாதிரி கிட்னியையும் இதயத்தையும் காக்கும் சர்க்கரை மாத்திரை எனக்குச் சரியா? பிரஷர் 130/80க்குக் கீழ் இருக்க என்ன செய்ய வேண்டும்? ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரையை வேகமாக இறக்கும்போது கண் பாதிப்பு கொஞ்ச காலம் கூடலாம் என்பதால், இன்சுலின் தொடங்கினால் கண் டாக்டருக்கும் தெரியட்டும்.

தறிக்குழியில் உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது எங்கள் தெருவில் தினசரி வழக்கம். அல்புமின் கசிகிற கிட்னிக்கு அது நேரடிக் கெடுதல். தயவுசெய்து நிறுத்துங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மாலை நேரத் தட்டுவடை செட் இவற்றின் உப்பையும் கணக்கில் எடுங்கள்.

கசிவு தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. அதே ஸ்டெனோ மையத்தில் டைப் 2 சர்க்கரையும் அல்புமின் கசிவும் இருந்த 160 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், உணவு, நடை எல்லாவற்றையும் சேர்த்துக் கடுமையாகக் கவனித்தார்கள். சுமார் எட்டு வருடத்தில் அவர்களுக்கு இதய, ரத்தக் குழாய்ப் பிரச்சினைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. 2016ல் வெளியான 21 வருடக் கணக்கில் ஆயுள் 7.9 வருடம் கூடியிருந்தது. சித்தப்பாவின் தாளைப் பார்த்து அவருடைய டாக்டர் ஸ்டாட்டினும் டெல்மிசார்டானும் தொடங்கினார். அதுவரை அவர் ஃபைலில் இருந்ததெல்லாம் 'ஈசிஜி நார்மல்'.

கண்ணும் கிட்னியும் சுத்தமாக இருந்தால் இதயத்துக்கு உத்தரவாதம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பீடி குடிக்கிறவருக்கு, எல்டிஎல் ஏறிக் கிடப்பவருக்கு விழித்திரை பளிச்சென்று இருக்கும்போதே அட்டாக் வரலாம். சரியாக இருந்தால் அடுத்த வருடம் இதே மாதத்தில் மறுபடி. ஏசிஆர் கூடியிருந்தால் மூன்று மாதத்தில்.

காத்திருக்கவே கூடாதது ஒன்று உண்டு. வலி இல்லாமல் ஒரு கண் பார்வை திடீரென்று போய்விட்டால், சில நிமிடத்தில் திரும்பி வந்தாலும்கூட, அது விழித்திரைக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பக்கவாதத்துக்கு ஓடுவது போலவே ஓட வேண்டும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல் வந்தாலும் அப்படித்தான். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் அட்டாக் வரும். லேபுக்கு வராதீர்கள், காலை ஓபிக்குக் காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.